இயோசெப்பாவை வளர்த்த வீடுகள்

1854 ஏப்ரலில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த மார்மன் சபை மாநாட்டில், வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அதில் ஜோசப் எஃப். ஸ்மித்தின் பெயரும் இருந்தது. பையனுக்கு வயது பதினைந்து. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அவனுக்குச் சித்தப்பா. அப்பா ஹைரமும் சித்தப்பாவும் 1844இல் கார்தேஜ் சிறையில் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு ஐந்து வயது. அம்மா மேரி 1852இல் இறந்துபோனார். தங்கை மார்த்தா ஆனை அடிக்கத் தோல்வாரை எடுத்த வாத்தியாரை எதிர்த்துக் கைகலப்பில் இறங்கியதால், பள்ளிக்கூடமும் இல்லை என்றாகியிருந்தது. இப்படிப்பட்ட பையனைத்தான் ஹவாய்த் தீவுகளுக்குப் போகச் சொன்னார்கள்.

வழிச்செலவுக்குச் சபை எதுவும் தரவில்லை. கையில் பணமில்லாமல் கர்த்தரை நம்பிப் போவதுதான் அன்றைய ஊழிய முறை. மே மாதக் கடைசியில் புறப்பட்டுப் பாலைவனம் கடந்து கலிஃபோர்னியா சேர்ந்தான். கூரைக்குப் போடும் மரச்சில்லு அறுக்கிற பட்டறையில் கூலி வேலை பார்த்துக் கப்பல் கட்டணம் சேர்த்தான். செப்டம்பர் 27 அன்று ஹொனலூலூவில் கரையிறங்கினான்.

மிஷனரிகளின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தேடிப் படிப்பது எனக்கு வெகுநாள் வழக்கம். யார் என்ன பிரசங்கித்தார் என்பது என்னை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. காலையில் எழுந்து என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் என் கண் தேடும். ஸ்மித்தின் கதையில் இதற்கெல்லாம் பதில் கிடைக்கிறது.

மௌயி தீவில் குலா என்ற மலைச்சரிவுப் பகுதிக்கு அவனை அனுப்பினார்கள். சுற்றிலும் ஹவாய்க் குடும்பங்கள். வாய் திறந்தால் அவர்கள் மொழிதான். சுமார் 100 நாளில் அந்த மொழியில் ஜெபிக்கவும் பிரசங்கிக்கவும் பழகிவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் ஜோசப்பை ‘இயோசெப்பா’ என்றார்கள்.

சாப்பாடு ‘போய்’ என்ற சேப்பங்கிழங்குப் பசை. கிழங்கை மண்ணில் தோண்டிய குழியடுப்பில் வேகவைத்துத் தோலுரித்து, மரப்பலகையில் போட்டுக் கல் குழவியால் இடிப்பார்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பசையாக்கிச் சுரைக்குடுக்கையில் வைத்தால் ஓரிரு நாளில் புளிக்கும். சாம்பல் ஓடிய ஊதா நிறம். குடுக்கையைச் சுற்றி வீடே உட்கார்ந்து விரலால் வழித்துச் சாப்பிடும். நான்கு வருடம் முன்னால், 1850 டிசம்பரில் ஊழியராக வந்த ஜார்ஜ் கியூ. கேனன் அச்சுத்தொழில் தெரிந்தவர். பைண்டிங் பட்டறையில் புளித்துப்போன பசைப்பானை நாற்றம்தான் அதில் தனக்குத் தெரிந்தது என்றும், வாயில் வைத்ததும் குமட்டியது என்றும் எழுதியிருக்கிறார். இதை ருசியாக்கிக் கொடு என்று ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டாராம். அதன்பின் அதுவே அவருக்குப் பிடித்த உணவாயிற்று.

மற்றபடி நாளெல்லாம் நடை. ஒரு சிற்றூரில் கூட்டம் நடத்தி, அடுத்த ஊருக்கு எரிமலைப் பாறைமேல் நடந்து, இருட்டுகிற இடத்தில் யார் வீட்டுப் பாயிலாவது படுப்பான். பாயெல்லாம் தெள்ளுப்பூச்சி. மாற்றுத்துணி கிடையாது. இரண்டு பேருக்கு ஒரே நல்ல உடுப்பு இருந்ததால் ஒருவர் கூட்டத்துக்குப் போகும்போது மற்றவர் படுக்கையிலேயே இருந்ததாகச் சொல்வார்கள். ஒரு வீட்டில் விட்டுவைத்திருந்த அவனுடைய பெட்டி தீயில் எரிந்து, துணிமணியோடு தொடக்ககால நாட்குறிப்புகளும் போய்விட்டன. தங்கைக்கு எழுதிய கடிதங்கள் தப்பின. எழுத்துப்பிழை மலிந்த அந்தக் கடிதங்களில், தாயில்லாத தங்கைக்கு அண்ணன் புத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறான். பதினாறு வயதிலேயே மௌயி சபைகளை மேற்பார்க்கும் பொறுப்பும் அவன் தலையில் விழுந்தது.

ஒருமுறை கடுமையான காய்ச்சலில் விழுந்தான். மா மனுஹீ என்ற பெண்மணி அவனைத் தன் வீட்டில் வைத்துப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார். மஹுஹீ என்றும் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. 1853இல்தான் கப்பல்வழி வந்த பெரியம்மை ஆயிரக்கணக்கான ஹவாய் மக்களைக் கொன்றிருந்தது. அந்த நினைவு ஆறாத காலத்தில், கப்பலில் வந்த அந்நியன் ஒருவன் உடம்பு கொதிக்கக் கிடக்கிறான். அவனை உள்ளே எடுத்துப் படுக்க வைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! நானும் சின்ன வயதில் வெளியூர் அறையில் அம்மை போட்டுக் கிடந்தவன். தெருமுனை மெஸ்காரம்மா வேளாவேளைக்குக் கொண்டுவந்த கஞ்சியில் பிழைத்தேன். மனுஹீயைப் பற்றிப் படிக்கிற போதெல்லாம் நெஞ்சு நிறைந்துபோவது அதனால்தான்.

1857இல் அமெரிக்கப் படை மார்மன்கள் வாழும் யூட்டாவை நோக்கி வருகிறது என்று ஊழியர்களைத் திரும்ப அழைத்தார்கள். அக்டோபரில், பத்தொன்பது வயது நிறையுமுன் அவன் கப்பலேறினான். பல பத்தாண்டுகள் கழித்துச் சபையின் தலைவராகத் திரும்பி வந்தபோது, ஹொனலூலூவில் பார்வை இழந்த ஒரு மூதாட்டி கையில் நாலைந்து வாழைப்பழத்தோடு ‘இயோசெப்பா’ என்று கூப்பிட்டபடி வந்தார். மனுஹீதான். தலைவர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, ‘அம்மா’ என்று அழைத்துக் கண்ணீர் விட்டதை உடனிருந்த சார்லஸ் நிப்ளி எழுதி வைத்திருக்கிறார்.

மனுஹீக்கு முன்பும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். மௌயியின் லாஹைனாவில் நாலிமானுயி என்ற பெண்மணி கேனனுக்கும் கூட்டாளிகளுக்கும் தன் வீட்டையே ஒழித்துக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதே தீவின் வைலுகுவில் நீதிபதியாக இருந்த ஜோனதான் நாபெலா, பதவி போய்விடும் என்ற மிரட்டலையும் மீறிக் கேனனுக்கு இடம் கொடுத்தார். சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தை ஹவாய் மொழியில் பெயர்க்கக் கூடவே உட்கார்ந்து உழைத்தார். 1855இல் அது சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது. பின்னாளில் மனைவிக்குத் தொழுநோய் கண்டு கலௌபாபா தொழுநோயாளர் குடியிருப்புக்கு அனுப்பியபோது நாபெலாவும் உடன் போனார். அங்கே நோயாளிகளோடு வாழ்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் தமியானுக்கு நண்பரானார். அதே நோய் தொற்றி 1879இல் இறந்தார்.

இன்று ஊழியத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். சட்டையில் பெயர் அட்டை, எங்கு போனாலும் ஜோடியாக. 2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசலாம். பயிற்சி, வாடகை வீடு எல்லாம் உண்டு.

ஸ்மித்தின் காலத்தில் சென்னைக்கும் மார்மன் ஊழியர் வந்ததுண்டு. ரிச்சர்ட் பாலன்டைன் 1853 ஜூலையில் வந்து, ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை நடத்தி, அடுத்த வருடமே கப்பலேறிவிட்டார். அவர் வேலை பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களோடு நின்றது. ஹவாய்க்கு முதலில் வந்த பத்துப் பேரும் வெள்ளைக்காரர்களைத் தேடித்தான் வந்தார்கள். அது பலிக்காமல் சிலர் திரும்பிவிட, கேனன் போன்றவர்கள் தங்கி ஊர்க்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள். வித்தியாசம் அங்கேதான். பதினைந்து வயதுப் பையனின் துணிச்சல் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ஹவாயில் மார்மன் சபையை நிலைநிறுத்தியவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், நாலிமானுயி, நாபெலா, மனுஹீ பெயர்களை எழுதிவிட்டுத்தான் ஸ்மித்தின் பெயரை எழுதுவேன்.