தலைமன்னார்க் கப்பலும் மூன்று நண்பர்களும்

1979ஆம் ஆண்டு திருச்சிக்குப் படிக்கப் புறப்பட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் எருக்கலம்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் ஓர் இரவு முழுவதும் ரயிலில் உட்கார வேண்டும். இந்தியாவுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. தலைமன்னார் இறங்குதுறையில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறினால் மூன்று நான்கு மணி நேரத்தில் இராமேஸ்வரம் வந்துவிடும். ஆயினும் கொழும்பு உள்ளூர், இராமேஸ்வரம் வெளிநாடு. அந்த வேறுபாடு அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இந்தக் கடலைக் கடந்து படிக்கப் போனவர்களில் நான் முதல்வனுமல்ல, முக்கியமானவனுமல்ல. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். மார்க்கக் கல்வி தேடிய எங்களவர்கள் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்குப் போனார்கள். மௌலவியாகித் திரும்பி வந்தவர்களை ஊர் தனி மரியாதையோடு பார்த்தது.

1914 இந்தப் போக்குவரத்தை எளிதாக்கியது. அந்த ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையான ரயில் பாதையும் அதே ஆண்டில் வந்தது. சென்னை எழும்பூரில் சீட்டு வாங்கியவர் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. நான் கண்டது அந்தக் கடைசிக் காலத்தை.

திருச்சியில் என் அறைத் தோழர்கள் இருவர். ஒருவன் அதிராம்பட்டினத்தான், மற்றவன் லால்குடிக்காரன். முதல் வாரமே நான் "உங்களோட கதைக்க வேணும்" என்று சொல்லப்போக, "என்ன கதைடா விடப்போற?" என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே நேரம் இலங்கை வானொலி என்றால் அவர்களுக்கு உயிர். பி. எச். அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டே வளர்ந்தவர்கள். நான் அவரை நேரில் கண்டதில்லை என்று சொன்னபோது என் மதிப்பு சற்றுக் குறைந்துபோனது. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கைத்தறிச் சாரமும் புடவையும் கொண்டுபோவேன். திரும்பும்போது கிராம்பும் வாசனைச் சவர்க்காரமும் கொண்டு வருவேன். 1977க்குப் பிறகு இலங்கையில் வெளிநாட்டுப் பொருள்கள் தாராளமாகக் கிடைத்ததால் என் பெட்டியைத் திறக்கும் நாளில் அறை நிறைந்துவிடும்.

1982 கோடை விடுமுறையில் இருவரும் என்னோடு மன்னாருக்கு வந்தார்கள். இறங்குதுறையில் வாப்பா காத்திருந்தார். வீட்டில் உம்மா இடியப்பமும் மாசிச் சம்பலும் வைத்து, "வெக்கப்படாமச் சாப்பிடுங்க மகன்" என்றார். சாப்பிட்டு முடித்ததும் லால்குடியான் கிணற்றுத் தண்ணீரை இரண்டு முறை வாங்கிக் குடித்து, "நாலு பக்கமும் கடல், தண்ணி மட்டும் இனிக்குதே" என்றான். உம்மா அதைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாளும் சைக்கிளில் சுற்றினோம். தெருவில் அலையும் கழுதைகளைக் கண்டு அவர்கள் அதிசயித்தார்கள். பள்ளிமுனையில் 19 மீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள பெருக்க மரத்தை மூவரும் கைகோத்துக் கட்டிப் பார்த்தோம், கால்பங்குகூட அடங்கவில்லை. ஆபிரிக்க மரமான அதை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது ஊர் வழக்கு. கோட்டைக்குப் போனோம். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது என்று வழிகாட்டியைப்போல ஒப்பித்தேன். தெற்கே அரிப்பில், முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாட்டைக் கண்டோம். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் முத்துக் குளிக்க வந்தவர்கள் இந்தக் கரையில்தான் கொட்டகை போட்டுத் தங்கினார்கள் என்றேன். "அப்ப நாங்க வெளியூர்க்காரங்க இல்லடா, பழைய ஆளுங்க" என்றான் அதிராம்பட்டினத்தான்.

பெருநிலத்தில் திருக்கேதீஸ்வரத்துக்கு லால்குடியானை அழைத்துப் போனோம். பக்கத்தில்தான் மாந்தை, பழைய மாதோட்டத் துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கே அகழ்ந்தார்கள். சீனப் பீங்கானும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டங்களும் ஒரே மண்ணிலிருந்து வந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரு திசைக் கப்பல்களும் சந்தித்த இடம் அது. எங்கள் ஊர் ஒரு மூலை என்று எண்ணியிருந்த எனக்கு, நண்பர்களுக்குக் காட்டப்போய்த்தான் அதன் பெருமை புரிந்தது.

ஆனால் அந்தப் பயணத்தில் என் மனதில் தங்கிய காட்சி இவை எதுவுமல்ல.

நாங்கள் மூவரும் திருச்சிக்குத் திரும்பிய கப்பலில் தளமெங்கும் மலையகத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. விடுபட்ட ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அவர்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து போனவர்கள். வழியில் விழுந்து இறந்தவர்கள் ஏராளம். பேரப்பிள்ளைகள் இப்போது ரயிலில் வந்து கப்பலேறினார்கள்.

பதுளைப் பக்கத்து மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்க அங்க போய் வாறவங்கதானே? அங்க தண்ணி எப்படி?"

எனக்குப் பதில் வரவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த நான் அவருடைய 'சொந்த நாட்டை' மூன்று வருடமாக அறிவேன். இந்தியர் என்று எழுதப்பட்டிருந்த அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை. எந்த ஊர் என்று லால்குடியான் கேட்டான். "துறையூர்ப் பக்கம்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார். துறையூருக்கு எந்த வண்டி, எங்கே மாற வேண்டும் என்று அவன் பொறுமையாகச் சொன்னான். இராமேஸ்வரத்தில் இறங்கியதும் அவர்கள் மண்டபம் முகாமுக்குப் போகும் வரிசையில் நின்றார்கள். நாங்கள் திருச்சி ரயிலைப் பிடிக்க ஓடினோம்.

1983இல் படிப்பு முடிந்து ஊர் திரும்பினேன். அந்த ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடலில் அகதிகளின் படகுகள் போகத் தொடங்கின. 1984இல் கப்பல் நின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரு சில நாள்களில் வீடிழந்தனர். மன்னார்த் தீவார் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். அந்தப் படகொன்றில் என் குடும்பமும் இருந்தது. கையில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்த உம்மா கேட்டார்: "மகன், அங்கால தண்ணி எப்படி இருக்கும்?"

எட்டு வருடங்களுக்கு முன் கேட்ட அதே கேள்வி. அன்று கப்பல் தளத்தில் எனக்கும் அந்த மூதாட்டிக்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதாக நினைத்திருந்தேன். அவருக்கு மறுமொழி சொல்லாத குறை அந்தப் படகில்தான் எனக்கு உறைத்தது. புத்தளத்து ஓலைக்குடில்களில் உவர்நீரைக் குடித்தபடி உம்மா பதினொரு ஆண்டு இருந்தார். அங்கேயே மௌத்தானார்.

2009இல் போர் முடிந்தது. 2010இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் ரயில் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை வரை ஓடியது. கப்பல் மட்டும் வரவில்லை. அடுத்த ஆண்டு அதிராம்பட்டினத்தான் விமானத்தில் கொழும்பு வந்தான். லால்குடியான் அதற்கு முன்பே காலமாகிவிட்டான். நான் புத்தளத்திலிருந்து போய் அவனைச் சந்தித்தேன். இருவரும் இரவு ரயிலில் மன்னாருக்குப் போனோம். முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் நான் விருந்தோம்பிய ஊரில், தங்குவதற்கு இருவரும் சேர்ந்து ஓர் உறவினர் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

எங்கள் வளவில் சுவர் மட்டும் நின்றது. கிணறு தூர்ந்திருந்தது. பக்கத்து வளவில் மீளக் குடியேறியிருந்த ஒருவர் தம் கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் தந்தார். நண்பன் ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உப்பு ஏறிப்போச்சுடா" என்றான். பிறகு செம்பைக் கீழே வைக்காமல் முழுவதையும் குடித்து முடித்தான்.