ஜப்பான் விலகி நின்றிருந்தால்: 1914இன் இந்தியப் பெருங்கடலும் கூட்டணியின் மதிப்பும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வீசிய குண்டு விழுந்த இடத்தை அது குறிக்கிறது. அன்று துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பலர் ஊரைவிட்டுக் கிளம்பினர். ‘எம்டன்’ தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அக்கப்பல் இங்கு வந்த காரணத்தைத் தேடிப் போனால், 1902 ஜனவரி 30 அன்று லண்டனில் கையெழுத்தான பிரிட்டிஷ்–ஜப்பானியக் கூட்டணி குறுக்கிடுகிறது. 1914இல் ஜப்பான் நடுநிலை வகித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடற்போரில் நட்பு நாட்டின் மதிப்பை அது சுட்ட குண்டுகளைக் கொண்டு எடைபோடக் கூடாது. எதிரி இழக்கும் துறைமுகங்களையும், அந்நாடு உடன் நிற்பதால் காவல் பணியிலிருந்து விடுபடும் கப்பல்களையும் கொண்டே எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

நடக்காததைப் பற்றி எழுதும் வரலாற்றுக்கு ஒரு கட்டுப்பாடு தேவை. அன்று முடிவெடுத்தவர்கள் உண்மையிலேயே எண்ணிப் பார்த்த மாற்று வழியை மட்டுமே நாம் கற்பனை செய்யலாம். ஜப்பானின் நடுநிலை அத்தகைய ஒன்று. 1905இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் கிழக்கு ஆசியாவையும் இந்தியாவையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. 1911இலும் அது தொடர்ந்தது. ஐரோப்பாவில் மூண்ட போருக்காக ஜப்பான் களமிறங்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 1914 ஆகஸ்ட் 7 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரே கேட்டதும் ஆயுதம் தாங்கிய ஜெர்மன் வணிகக் கப்பல்களைத் தேடி அழிக்கும் உதவி மட்டுமே. பிறகு அதையும் திரும்பப் பெற முயன்றார். ஜப்பானின் மூத்த அரசியலாளர்களிலும் சிலர் தயங்கினர். போருக்குள் நாட்டைச் செலுத்தியது வெளியுறவு அமைச்சர் கட்டோவின் உறுதி. அவர் இடத்தில் தயங்கும் ஒருவர் இருந்திருந்தால் ஆகஸ்ட் 23இன் போர் அறிவிப்பு வந்திருக்காது.

ஆனால் கூட்டணி அதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 13 அன்று பசிபிக்கின் பாகன் தீவருகே ஜெர்மன் கிழக்காசியப் படையின் தலைவர் ஃபொன் ஷ்பே தன் கப்பல் தலைவர்களைக் கூட்டினார். ஜப்பானின் இறுதி எச்சரிக்கை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனாலும் ஜப்பான் எதிரியாகக்கூடும் என்ற எண்ணமே சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் தளத்துக்குத் திரும்பும் வழியை அடைத்தது. இந்தியப் பெருங்கடலிலோ ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசனவ் போன்ற பெரிய கப்பல்களுக்கு நிலக்கரி கிடைக்காது. ஆகவே படை தென் அமெரிக்காவை நோக்கித் திரும்பியது. பிடிபடும் கப்பல்களின் கரியைக் கொண்டே ஓட்டக்கூடிய ஓர் இலகு குரூசர் மட்டும் மேற்கே பிரிந்து சென்றது. அதுதான் எம்டன். இந்தியாவைக் காக்கும் சொற்களைத் தாங்கிய ஒப்பந்தமே சென்னைக்குக் குண்டு வந்த வழியையும் திறந்தது.

அப்படியானால் ஜப்பான் விலகி நின்றிருந்தால் சென்னை தப்பியிருக்கலாம். ஆனால் வேறு இடத்தில் விலை கொடுக்க நேர்ந்திருக்கும். ஷ்பேயின் படையைவிட வலிய ‘ஆஸ்திரேலியா’ என்ற போர்க் குரூசர் பசிபிக்கில் இருந்ததால், அவர் கட்டற்று உலவியிருக்க முடியாது. ஆனாலும் சிங்தாவ் உயிரோடு இருக்கும்வரை அதைக் கண்காணிக்க ஹாங்காங்கின் பிரிட்டிஷ் கப்பல்கள் கட்டுண்டு கிடந்திருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் போருக்குப் புறப்பட்ட துருப்புக் கப்பல்களுக்குக் காவல் எங்கிருந்து வரும்? வலுவான காவல் இல்லாமல் தன் வீரர்களை அனுப்ப நியூசிலாந்து மறுத்தது. புறப்பாடு ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளிப்போனது. பிரிட்டனின் மினோட்டாரும் ஜப்பானின் இபுக்கியும் வெலிங்டனுக்கு வந்த பிறகே, அக்டோபர் 16 அன்று, அவர்கள் புறப்பட்டார்கள்.

எம்டனை வீழ்த்தியது ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ என்ற குரூசர்தானே, ஜப்பான் செய்தது என்ன என்ற மறுப்பு எழலாம். நவம்பர் 9 காலையைக் கூர்ந்து பார்ப்போம். 38 துருப்புக் கப்பல்கள் கொக்கோஸ் தீவுகளைக் கடந்துகொண்டிருந்தன. மினோட்டார் முந்தைய நாளே பிரிந்துவிட்டது. காவலுக்கு மெல்பர்ன், சிட்னி, இபுக்கி ஆகிய மூன்றே கப்பல்கள். அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று தீவின் கம்பியில்லாத் தந்தி அலறியது. இபுக்கி போர்க்கொடி ஏற்றி, போக அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை. காவலின் பொறுப்பிலிருந்த மெல்பர்னின் தலைவர் சிட்னியை அனுப்பினார். பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் நான்கைக் கொண்ட இபுக்கி பக்கத்தில் நின்றதால்தான் அவரால் ஒரு குரூசரை விட்டுக்கொடுக்க முடிந்தது. இபுக்கி இல்லையென்றால், ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு இரண்டே காவலர்கள்; அதில் பாதியை அனுப்ப எந்தத் தலைவரும் பலமுறை யோசிப்பார். அன்று ஒரு குண்டும் சுடாத கப்பல் அந்த வெற்றியில் பங்குடையது.

ஆகவே ஜப்பானின் நடுநிலை போரின் முடிவை மாற்றியிருக்கும் என்று வாதிட இடமில்லை. அதன் கால அட்டவணையை மாற்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த உதவிக்கான விலையைச் செலுத்தியவர்களையும் மறக்கக் கூடாது. நவம்பர் 7 அன்று சிங்தாவ் வீழ்ந்தபோது அது சீனாவிடம் திரும்பவில்லை. ஜப்பானின் கைக்குப் போனது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்த ஜெர்மன் தீவுகளும் அப்படியே. கூட்டணிகளின் கணக்கை எழுதும்போது, பேச்சுவார்த்தை மேசையில் இடமில்லாத மக்கள் செலுத்தியதையும் செலவுப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். உயர் நீதிமன்றச் சுவரின் அந்தக் கல்லும் அப்பக்கத்தில் ஒரு வரி.