கனிகளை வகுத்த வரலாறு

மயிலைக் கபாலீசுவரர் திருக்கோயிலின் தலமரம் புன்னை. ஞானசம்பந்தர் பூம்பாவைக்காகப் பாடிய பதிகமும் புன்னைக் கானலோடுதான் தொடங்குகிறது. கோலிக்குண்டு அளவேயான புன்னைக் காயும், மாங்கனியும், தேங்காயும் ஒரே வகைக் கனிகள் என்றால் மாணவர் பலர் வியப்பர். மரங்கள் உறவல்ல, கனியின் அமைப்புத்தான் ஒன்று.

நம் முன்னோர் வகுத்த முறை வேறு. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பிரித்தார். அவ்வழக்கில் தெங்கு புல்; மா மரம். எனினும் காய், பழம் என்னும் பெயர்களை இரண்டிற்கும் பொதுவாக்கினார். பிஞ்சு, காய், கனி என நாம் வழங்குவன முதிர்ச்சியின் படிகளே. உண்பவனுக்கு அது போதும். தாவர நூலாருக்குப் போதவில்லை.

சுவீடன் நாட்டு லின்னேயசு 1751இல் வெளியிட்ட நூலில் கனி வகைகளுக்குப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தார். அவர் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து நம் கடற்கரைச் செடிகளை ஆராய்ந்தார். ஆயினும் கனி ஆராய்ச்சியைத் தனித் துறையாக்கியவர் செர்மானியரான கேர்ட்னர். கண்நோய் இடையே தடுத்தும் விடாது உழைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவரங்களின் கனிகளையும் விதைகளையும் அறுத்து நோக்கினார். அவர் நூலின் முதற்பகுதி 1788இல் வெளிவந்தது. 1791இல் அவர் மறைந்தபின் எஞ்சியதை அவர் மகன் தொடர்ந்தார். அத்தகைய பொறுமை எளிதில் வாய்ப்பதன்று.

பூவின் சூலகம் முதிர்ந்தே கனியாகிறது. அதன் சுவர் மாங்கனியில் தோல், சதை, கொட்டையோடு என மூவுறையாகும். தேங்காயில் நடுவுறை நார், உள்ளுறை சிரட்டை. நாம் துருவித் தின்பதோ விதையின் பகுதி. புன்னையிலும் மெல்லிய சதைக்குள் வன்மையான ஓடும், அதனுள் ஒரு விதையும் உண்டு. இவை உள்ளோட்டுச் சதைக்கனிகள். ஓடின்றி உள்ளும் சதைப்பற்றாக இருப்பின் அது வேறு வகை. வாழைப்பழம், தக்காளி, ஏன், கறிக்கு அரியும் கத்தரிக்காயும் அதில் அடங்கும்!

சீத்தாப்பழம் ஒரே பூவின் பல சூலகங்கள் திரண்ட திரள்கனி. பலாவோ ஒரு பூங்கொத்து முழுவதுமே பழுத்த கூட்டுக்கனி. ஒவ்வொரு சுளையும் ஒரு பூவின் விளைவு.

அடையாற்று ஆலமரத்தின் நடு அடிமரம் 1989இல் வீழ்ந்தது; விழுதுகள் நின்றன. ஆல் பூவாமலே காய்ப்பதாகத் தோன்றுவது அதன் பூக்கள் வெளியே தெரியாமையால்தான். சிவந்த ஆலம்பழம் ஒன்றைப் பிளந்து உருப்பெருக்கியால் நோக்குக: உட்சுவரெங்கும் நுண்ணிய பூக்களின் கனிகள் நெருங்கியிருக்கும்.