புல்லட் அப்படியேதான் இருக்கு, பெட்ரோல்தான் மாறிப்போச்சு

"அப்பாவோட புல்லட் ஷெட்டுல கிடக்கு. உதைச்சா கிளம்புது, உடனே ஆஃப் ஆயிடுது"ன்னு பட்டணத்துல இருக்கிற பிள்ளைங்க ஊருக்கு வர்றப்பெல்லாம் சொல்றாங்க. கார்பரேட்டர் போச்சுன்னு முடிவு கட்டி, பழைய இரும்புக் கடைக்குத் தள்ளி விடறவங்களும் உண்டு. தள்ளறதுக்கு முன்னால அதோட கதையைக் கொஞ்சம் கேட்டுடுங்க.

1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் வண்டி தேவைப்பட்ட காலம். முதலில் அங்கிருந்து வந்த சாமான்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு எல்லாமே இங்கேயே செய்தார்கள். 346 சி.சி., 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். ரெட்டிச் தொழிற்சாலை மூடிய பிறகும் இந்தக் கணக்கு இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது.

கார்பரேட்டர்ல பேருதான் மாறிச்சு: அமல், வில்லியர்ஸ், அப்புறம் மிக்கார்ப். வேலை ஒண்ணுதான். வாய்க்காலைக் குறுக்கினா தண்ணி சீறிப் பாயுதில்ல? காற்றும் அப்படித்தான். குறுகலான வழியில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலிக்காரர் வெஞ்சுரி 1797-லேயே எழுதி வைத்த சங்கதி இது. அழுத்தம் குறைஞ்ச இடத்துல ஜெட் வழியா பெட்ரோல் மேலே ஏறிப் புகையாத் தெறிக்கும். 1893-ல் ஜெர்மனியின் மேபாக் இந்த முறையில் கார்பரேட்டர் செய்தார். கீழே கிண்ணத்துல ஒரு மிதவை. மாடித் தொட்டியில பந்து போட்ட குழாய் மாதிரி, நிறைஞ்சா அடைச்சுக்கும்.

அதனால நோயும் நாலஞ்சுதான். பெட்ரோல் ஒழுகுதா? மிதவை ஓட்டை, இல்லன்னா ஊசியில அழுக்கு. சோக் போட்டா ஓடி, எடுத்தா நிக்குதா? ஸ்லோ ஜெட் அடைப்பு, இல்லன்னா இன்ஜினோட சேர்ற இடத்துல காத்து இழுக்குது. ஜெட்டுக்குக் காத்து அடிங்க, கம்பி விடாதீங்க. ஓட்டை பெருசானா அளவே போச்சு. பிளக் கரிபிடிச்சிருந்தா பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தா குறைவு. காப்பித்தூள் நிறம்தான் சரி.

இந்த வைத்தியம் அன்னைக்கும் இதேதான். மாறினது உள்ள ஊத்தற சரக்கு. ரேஷன் மண்ணெண்ணெயைப் பெட்ரோல்ல கலந்து விற்ற காலம் ஒண்ணு உண்டு. மண்ணெண்ணெய் சட்டுனு ஆவியாகாது. புகை கக்கும், பிளக் கருத்துப்போகும். 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. நல்ல காரியம், பிள்ளைங்க மூளையைக் கெடுக்கிற விஷம் அது.

அடுத்தது எத்தனால். 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதம், 2022-ல் 10 சதவீதம், 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்தது. இதை நான் குறை சொல்ல முடியாது. எங்க கரும்பும் மக்காச்சோளமும்தானே அது. ஆனா பழைய வண்டிக்கு மூணு தொல்லை உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே ஜெட்டுல ஊத்தினா காற்று மிஞ்சும், இன்ஜின் சூடாகும். ரெண்டாவது, பழைய ரப்பரும் கார்க்கும் ஊறிக் கெடும். மூணாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா நிறுத்தினா தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு கிண்ணத்தோட அடியில தங்கிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததோடு புல்லட்டிலும் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதுல சென்சார் பார்த்துக் கூட்டிக் குறைச்சுக்கும். பழசுல அந்த வேலை நம்மளோடது.

ஊருக்குப் போனா முதல்ல டேங்க் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுக் கால் மணி நேரம் வச்சுப் பாருங்க. அடியில தனியா ஒரு படலம் தெரிஞ்சா டேங்கையும் கிண்ணத்தையும் காலி பண்ணிக் கழுவுங்க. ரப்பர் குழாயையும் வாசரையும் மாத்துங்க. பிளக் வெளுத்தா ஊசியோட கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்க. திரும்பி ஊருக்குக் கிளம்பும்போது காக்கை மூடிட்டு, வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க.

அதுக்கப்புறமும் கிளம்பலன்னா மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இரும்புக் கடைக்காரரை இல்ல.