நின்ற வண்டிகளும் வழித்துணையும்

வரலாறு என்றவுடன் மாணவர் பலர் அரசர் வென்ற போர்களையும் அவர் எடுத்த கோயில்களையுமே எண்ணுகின்றனர். சாலைக்கும் வரலாறு உண்டு. சாலையில் விரைந்தோடிய வண்டிக்கும், ஓட மறுத்து வழியில் நின்றுவிட்ட வண்டிக்கும் அதில் இடம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் வரலாறு கற்பித்த நான், இன்று நின்ற வண்டிகளைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2006-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ஒரு புதுமையான நெடும்பயணம் தொடங்கியது. பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஆட்டோரிக்‌ஷாக்களைத் தாமே ஓட்டிக்கொண்டு கன்னியாகுமரியை நோக்கிப் புறப்பட்டனர். பாண்டிச்சேரி, தஞ்சாவூர், மதுரை ஆகிய ஊர்கள் அவ்வழியில் அமைந்தன. நகரத்துக்குள் இரண்டு மூன்று மைல் ஓடுவதற்கென்று அமைந்த வண்டி அது. இரண்டு வீச்சு எந்திரம் பூட்டிய பழைய வகையாயின், பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். அளவு மிகுந்தால் பொறிச்செருகியில் கரி படியும். குறைந்தால் எந்திரம் சூடேறி இறுகிவிடும். இத்தகைய வண்டியில் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து, இருபுறமும் நெல்வயல் சூழ்ந்த சாலைகளில் வருவோர், எங்கேனும் ஓரிடத்தில் இறங்கி நிற்க நேர்வது இயல்பே.

வழியில் நிற்கக்கூடிய வண்டியை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் பிளிமத் நகரிலிருந்து ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டுக்கு, நூறு பவுனுக்கு மேற்படாத பழைய கார்களில் செல்லும் பயணம் 2003-இல் தொடங்கியது. சென்று சேர்ந்த கார்கள் அங்கே ஏலம் விடப்பட்டு, கிடைத்த பணம் அந்நாட்டு அறப்பணிகளுக்கு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், சிறிய எந்திரமுள்ள கார்களில் மங்கோலியாவரை செல்லும் பயணமும் தொடங்கியது. அதிலும் பங்குகொள்வோர் அறப்பணிக்கு நிதி திரட்டினர்.

ஆயினும் இவற்றுக்கெல்லாம் மூத்தது 1907-ஆம் ஆண்டின் பீக்கிங்–பாரிஸ் ஓட்டம். 'லெ மாத்தேன்' என்னும் பிரெஞ்சு நாளிதழ் விடுத்த அறைகூவலை ஏற்று, அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் ஐந்து வண்டிகள் பீக்கிங்கை விட்டுப் புறப்பட்டன. அது அறப்பணிக்காக நடந்த ஓட்டம் அன்று; மோட்டார் வண்டியின் ஆற்றலை உலகுக்குக் காட்டவே நடந்தது. ஐந்தில் ஒன்று, காண்டால் என்னும் மூன்று சக்கர வண்டி. நம் ஆட்டோவின் மூதாதை என்றே அதைச் சொல்லலாம். அது கோபிப் பாலைவனத்தைத் தாண்டவில்லை. அதில் சென்றவர்கள் நாவறண்டு, உயிருக்குப் போராடும் நிலையில் மீட்கப்பட்டனர்.

வென்றவர் இத்தாலிய இளவரசர் போர்கேசே. ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் கடந்து, ஆகஸ்ட் 10-ஆம் நாள் அவர் பாரிஸை அடைந்தார். அவருடைய 'இத்தாலா' வலிமை மிக்க வண்டி. ஆனால் சீனத்து மலைப்பாதைகளில் அந்த வலிமை போதவில்லை. கூலியாட்கள் கயிறு கட்டி இழுத்தே அதை மேலேற்றினர். பெட்ரோலோ முன்னதாகவே ஒட்டகங்களின் முதுகில் பாலைவனம் சென்றிருந்தது. ரஷ்ய நாட்டில் மரச்சக்கரம் ஒன்று சிதைந்தபோது, ஊர்த்தச்சர் ஒருவர் கோடரியின் துணைகொண்டே அதைச் சீராக்கிக் கொடுத்தார். உடன் சென்ற பத்திரிகையாளர் பார்ட்சினி இவற்றையெல்லாம் நூலாக எழுதிவைத்தார். அதனால் அந்தத் தச்சரின் கைத்திறனை நாம் அறிகிறோம்.

வழிப்போக்கருக்கு உதவும் இப்பண்பு, காவிரி நாட்டில் தனி மனிதரின் இரக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை. நிலையான அமைப்பாகவே வளர்ந்தது. தஞ்சையிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் ஒரத்தநாடு இருக்கிறது. அங்கே 1802-இல் மன்னர் இரண்டாம் சரபோஜி அமைத்த முத்தாம்பாள் சத்திரத்தை மாணவர்கள் ஒருமுறையேனும் காணவேண்டும். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் அமைத்த சத்திரங்களுள் அதுவும் ஒன்று.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியார் கைக்குச் சென்றது. சத்திரங்களும் கைவிட்டுப் போகுமோ என்று மன்னர் அஞ்சினார். 1801-இல் ரெசிடெண்டு டோரினுக்கு எழுதிய கடிதத்தில், அவற்றின் நிர்வாகம் தம்மிடமே இருக்கவேண்டுமென்று வேண்டினார். அங்கு நடந்த முறையையும் விளக்கினார். எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவருக்கு அரிசி உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் யாரேனும் உளரா என்று கூவி அழைப்பார்கள். நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவமும், வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு வளர்ப்பும் கல்வியும் கிடைத்தன. ஆட்சியை இழந்த அரசர், வழிப்போக்கருக்கு இடும் உரிமையை இழக்க மனமொப்பவில்லை.

இதை நினைவிற்கொண்டு நம் சாலையில் வரும் ஆட்டோக்களைப் பாருங்கள். வருகின்றவர்கள் நன்கொடை திரட்டுபவர்கள். நம்மவர்கள் பெறுபவர்கள் என்று சிலர் கருதக்கூடும். அக்கணக்கு பாதிதான் சரி. வண்டி நின்றவுடன் அந்நிலை மாறிவிடுகிறது. அறுந்த கிளச்சுக் கம்பியை மாற்றித் தருபவரும், பள்ளத்தில் இறங்கிய வண்டியைத் தோள்கொடுத்துத் தூக்கிவிடுபவர்களும், மொழி தெரியாத அயலாருக்குக் கையசைத்து வழிகாட்டும் மூதாட்டியும் அப்போது கொடுப்பவராகின்றனர். பெறத் தெரிந்தவரே முறையாகக் கொடுக்கவும் வல்லவர். பழுதாகும் வண்டி பயணிக்கு அந்தப் பாடத்தைக் கற்பிக்கிறது. தொலைநாட்டுப் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ அவர் அனுப்பும் பணம் நல்லதே. எனினும் வழியில் தாம் பெற்றதை அவர் மறந்துவிட்டால், அது அறமாகாது, பெருமிதமாகிவிடும்.

சத்திரம் கட்டிய மன்னரின் பெயரை வரலாறு எழுதிவைத்தது. ரஷ்யத் தச்சரின் தொழில் ஒரு நூலில் பதிவாயிற்று. நம் சாலையோரத்தில் வண்டி பழுது பார்ப்பவரைப் பற்றி எழுதியவர் யார்? மாணவர்களே, உங்கள் ஊர்ச் சாலையில் அத்தகைய முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவரிடம் சென்று, எந்தெந்த வண்டிகள் அவர் கைபட்டு மீண்டும் ஓடின என்று கேட்டு, எழுதி வையுங்கள். அதுவும் வரலாறே.