கர்ப்பகால எதிர்ப்பாற்றல் மாற்றமும் குறைப்பிரசவமும்

37 வாரம் நிறையும் முன் நிகழும் பிள்ளைப்பேறு குறைப்பிரசவம் எனப்படும். கருவின் மரபுக்கூறில் பாதி தந்தையுடையது. ஆயினும் தாயின் உடல் அதை அந்நியப் பொருளாகத் தள்ளுவதில்லை. 1953இல் உயிரியலாளர் பீட்டர் மெடவார் இப்புதிரை எழுப்பினார். கர்ப்பம் முழுவதும் எதிர்ப்பாற்றல் அடங்கிக் கிடக்கிறது என்ற பழைய விளக்கம் போதாது. கரு பதியும்போது அழற்சி இருக்கும். நடு மாதங்களில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அதை அடக்கிவைக்கும். பேறுகாலத்தில் அழற்சி மீண்டும் எழுந்து வலியைத் தூண்டும். கிருமித்தொற்று பனிக்குடத்தை எட்டினால் இந்தக் கடைசிக் கட்டம் முந்திக்கொள்கிறது: அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் பெருகும், புரோஸ்டாகிளாண்டின் சுரக்கும், கருப்பைவாய் இளகும், பனிக்குடம் உடையும். ஈறு நோய்க்கும் இதில் தொடர்பு தெரிகிறது. ஆனால் கர்ப்பகாலத்தில் ஈறு நோய்க்குச் சிகிச்சை தந்தும் குறைப்பிரசவம் குறைந்ததாக உறுதிப்படவில்லை.

2020இல் இந்தியாவில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015 முதல் ‘கர்பிணி’ ஆய்வு கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துக் காரணங்களைத் தேடுகிறது. ஆய்வு ஒருபுறமிருக்க, செய்யாற்றங்கரை மாகறல் போன்ற ஊர்களில் கைக்கெட்டும் தடுப்பு எளியது. அறிகுறி காட்டாத சிறுநீர்த்தொற்றைப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து தரலாம். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்டால், குழந்தையின் நுரையீரல் முதிர டெக்சாமெத்தசோன் 6 மி.கி. ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு போட வேண்டும். முதல் ஊசியைச் செவிலியரே போட்டு மேல்மருத்துவமனைக்கு அனுப்ப அரசு வழிகாட்டுதல் இடமளிக்கிறது.