அறுப்பின் பண்டிகை (விருதுநகர், சிவகாசி வட்டாரம்)

அறுப்பின் பண்டிகை என்பது விளைச்சலிலும் உழைப்பின் வருவாயிலும் ஒரு பங்கை இறைவனுக்கு நன்றியாகப் படைத்து, அதைத் திருச்சபைப் பணிக்கும் எளியோருக்கும் பயன்படுத்தும் கிறித்தவ விழாவாகும். காணிக்கையாக வந்த அரிசியையும் ஆடுகளையும் சமைத்துச் சபையார் ஒன்றாக உண்ணும் பொதுவிருந்து அசனம் எனப்படும். முதற்பலனைக் கூடையில் வைத்துப் படைக்கும் உபாகமம் 26ஆம் அதிகாரமும், எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் நிதி திரட்டியதைக் கூறும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபமும் இதற்கு வேத ஆதாரங்களாகக் காட்டப்படுகின்றன.

தோற்றம்: மதுரையில் 1606இல் இயேசு சபைக் குரு தெ நொபிலியுடன் வேரூன்றிய கத்தோலிக்க மறைப்பணியே இப்பகுதியில் முந்தியது. சீர்திருத்தச் சபையினரிடையே, 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், மதம் மாறியதால் ஊரில் நிலைக்க முடியாதவர்களுக்கு நிலம் வாங்கித் தருவதற்காக 1830இல் தரும சங்கத்தைத் தொடங்கினார். அறுப்பின் பண்டிகையோ, 1843இல் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊரில் ஹாக்கர் என்ற குரு நடத்திய அறுவடை நன்றி வழிபாட்டின் வழிவந்தது என்பர் சிலர். தைப்பொங்கலும் கோயில் அன்னதானமுமே இதன் வேர் என்பர் வேறு சிலர். இரண்டும் கலந்திருக்கக்கூடும்.

ராக்லண்டு காலம் (1854–1858): சிவகாசி வட்டாரத்தைப் பொறுத்தவரை மிக விரிவான பதிவுகள் உள்ள காலம் இதுவே. 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்து கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கிய மிஷனரி தாமஸ் கஜெடன் ராக்லண்டு, ஃபென், மெடோஸ் என்னும் இருவருடன் 1854இல், சிவகாசி வட்டாரம் அன்று அடங்கியிருந்த வடதிருநெல்வேலிக்கு வந்து, பங்களா கட்டிக்கொள்ளாமல் கூடாரங்களில் தங்கி, கரிசல் காட்டு ஊர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றார். தம் கல்லூரி அளித்த உதவித்தொகையிலிருந்தே அவர் தம் செலவுகளைப் பார்த்துக்கொண்டார். தென்திருநெல்வேலிச் சபைகள் தம் காணிக்கையிலிருந்து செலவு கொடுத்து, உபதேசியார்களை மாதமொரு முறையாக மாற்றி மாற்றி வடக்கே அனுப்பின. அச்சபையாருள் பலர் பனையேறிகள். பதநீர் இறக்கும் சில மாதங்களே அவர்களுக்கு வருவாய்க் காலம். கருப்பட்டி விற்ற காசில் ஒரு பங்கு, தாங்கள் கண்டிராத ஊர்களின் மக்களுக்காகச் சென்றது என்பதே இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி. ராக்லண்டு 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார்.

பின்வந்த காலம்: 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் கொடுத்தோரையும் பெறுவோராக்கியது. 1903இல் பாளையங்கோட்டையில் உருவான இந்திய மிஷனரி சங்கம், சொந்த ஆட்கள், சொந்தப் பணம், சொந்த நிர்வாகம் என்ற நெறியை மேற்கொண்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயரானார்.

கைப்பிடி அரிசி: உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து ஆலயத்திற்குக் கொண்டுவருவது சபைப் பெண்களின் வழக்கம். விருதுநகரில் நாடார் உறவின்முறையினர் வணிகத்தில் வசூலித்த மகமையும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும், காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கின. சபையின் கைப்பிடி அரிசி, உறவின்முறையின் பிடியரிசி ஆகிய இரண்டில் எது முந்தியது என்பது பற்றி ஒருமித்த கருத்து இல்லை.

விழா முறை: கம்பு, சோளம், பருத்தி, வத்தல், பூசணி, முட்டை, சேவல் ஆகியவை பீடத்தின் முன் வைக்கப்படுகின்றன. ஆராதனை முடிந்ததும் ஏலம் நடைபெறும். ஏழைப் பாட்டி கொண்டுவந்த ஒரு சுரைக்காயைச் சந்தை விலையைப்போல் பல மடங்கு கொடுத்து ஒருவர் எடுப்பதும், எடுத்ததை மீண்டும் ஏலத்துக்கே விடுவதும் உண்டு. இதனால் சிறிய காணிக்கையும் பெரிய தொகையாகிறது. கொடுத்தவர் மதிப்பும் குறைவதில்லை. அசனப் பந்தியில் காணிக்கை தந்தவரும் தர இயலாதவரும் ஒரே வரிசையில் அமர்கின்றனர்.

அண்மைக்காலம்: 1923இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததையடுத்து வளர்ந்த தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களால் பல குடும்பங்களின் அறுவடை வாரச் சம்பளமும் தீபாவளி போனசுமாக மாறியது. தானியக் கூடையின் இடத்தைக் காணிக்கைக் கவர் பெரிதும் பிடித்துக்கொண்டது. பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்த 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இவ்வருவாயும் உறுதியற்றதாயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளிலும் முதற்பலன் படைத்துப் பழகிய வட்டாரத்தில், நன்றி என்பது மிகுதியைப் பொறுத்ததன்று, உள்ளதில் ஒரு பங்கை முதலில் எடுத்துவைப்பதே என்னும் கருத்து இவ்விழாவின் உயிராக நிலைத்துள்ளது.